ஆனந்த பவனத்தின் பத்திரங்கள்

ஒரு வீட்டின் சரித்திரத்தைச் சொல்லுமாறு வக்கீல் ஒருவரைக் கேட்டால், அவர் அதன் தூண்களையும் மாடங்களையும் பார்க்கமாட்டார். பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லுவார். மூலபத்திரம் எது? யாரிடமிருந்து யாருக்கு வந்தது? நடுவில் வில்லங்கம் ஏதேனும் உண்டா? இன்று பாத்தியதை யாருடையது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், அவரைப் பொறுத்தவரையில் அந்த வீட்டின் சரித்திரம் முடிந்துவிட்டது. நாமும் அந்தத் தொழிலில் பழகியவர்களே. ஆகையால், இந்தியாவில் ஒரு குடும்பத்திற்குச் சொந்தமாக இருந்த வீடுகளுள் மிகவும் பேர்பெற்றதான அலகாபாத் ஆனந்த பவனத்தை அந்த முறையிலேயே ஆராய்வோம் என்று புகுந்தோம். ஆராய ஆராய ஓர் உண்மை புலப்பட்டது. இந்த வீடு கைக்கு வந்த கதை சாமானியமானது. கையை விட்டுப் போன கதைதான் பெரிது. நமது நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

தமிழர்களுக்கு அந்த ஊர் புதிதன்று. இராமேசுவரத்துக் கடற்கரை மணலை எடுத்துச் சென்று திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வது நமது முன்னோரின் வழக்கம். அவர்கள் பிரயாகை என்றார்கள். முகலாயர் காலத்தில் அலகாபாத் என்ற பெயர் நிலைத்தது. 2018-ல் அரசாங்கம் பிரயாக்ராஜ் என்று மாற்றியது. நாம் சொல்லப்போகும் சம்பவங்கள் நடந்த காலத்துப் பெயர் அலகாபாத் ஆகையால் அதனையே இங்கே வழங்குகிறோம்.

வீட்டினால் வந்த பெயர்

நேரு என்ற பெயரே ஒரு வீட்டினால் வந்தது என்பதைப் பலர் அறியார். காஷ்மீரத்துப் பண்டிதரான ராஜ் கௌல் என்பவர் 1716-ஆம் ஆண்டையொட்டி, பரூக்ஸியர் பாதுஷாவின் காலத்தில் டில்லிக்குக் குடியேறினார். அவருக்கு ஜாகீருடன் கால்வாய்க் கரையில் ஒரு வீடும் அளிக்கப்பட்டது. கால்வாய்க்கு அந்நாட்டு மொழியில் 'நஹர்' என்று பெயர். நஹர்க் கரையில் குடியிருந்தவர்கள் கௌல்-நேரு ஆனார்கள். பிற்பாடு கௌல் உதிர்ந்து நேரு மட்டும் நின்றது.

அந்த மூல வீடு என்னவாயிற்று? 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியின்போது கங்காதர நேரு என்பவர் டில்லியில் கொத்தவாலாக இருந்தார். நகரம் ஆங்கிலேயர் வசமானபோது, வீட்டையும் சொத்தையும் விட்டுவிட்டு மனைவி மக்களுடன் ஆக்ராவுக்கு ஓடினார். வழியில் வெள்ளைச் சிப்பாய்கள், சிவந்த மேனியுடைய அவருடைய சிறு பெண்ணை ஆங்கிலக் குழந்தை என்று நினைத்து, இவர்கள் களவாடிச் செல்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். மகன் ஒருவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்ததால் குடும்பம் உயிர் தப்பியது. குடும்பத்தின் பழைய பத்திரங்கள் யாவும் அந்தக் குழப்பத்தில் அழிந்துபோயின என்று ஜவாஹர்லால் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆக, நமது முதற் கேள்விக்கு விடை இதுவே: மூலபத்திரம் 1857-ல் அழிந்தது. சர்க்காருக்கும் இக்குடும்பத்துக்கும் வீட்டு விஷயமாக நடந்த முதல் வியாஜ்யம் அதுவென்று கொள்ளலாம்.

கங்காதரர் 1861-ல் காலமானார். அவர் மறைந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு மே 6-ஆம் தேதி ஆக்ராவில் பிறந்தவரே மோதிலால். தகப்பன் முகம் பாராத அந்தப் பிள்ளையை அண்ணன் நந்தலால் வளர்த்தார். ஹைகோர்ட்டு ஆக்ராவிலிருந்து அலகாபாத்துக்கு மாறியபோது, அங்கே வக்கீலாக இருந்த நந்தலாலும் அதனைப் பின்தொடர்ந்தார். 1887-ல் அவரும் இளமையிலேயே இறந்தார். இருபத்தைந்து வயதான மோதிலாலின் தலைமேல் அண்ணனுடைய பெரிய குடும்பம் முழுவதும் வந்து விழுந்தது. மீர்கஞ்ச் என்னும் நெருக்கமான கடைத்தெருப் பகுதியில் அப்போது அவர் குடியிருந்தார். 1889 நவம்பர் 14-ல் ஜவாஹர்லால் பிறந்தது அந்தச் சந்து வீட்டில்தான். ஆனந்த பவனத்தில் அன்று.

கிரயமும் வைபவமும்

தொழில் ஓங்கியது. லக்னா ஜமீன் வழக்கைப் போன்ற பெருவழக்குகளில் மோதிலாலின் கீர்த்தி பரவியது. நெரிசலான பட்டணத்தை விட்டு, வெள்ளைக்காரர்கள் வசித்த எல்ஜின் ரோட்டுக்குக் குடிபோனார். பிறகு 1900-ல் சர்ச் ரோட்டில், தோட்டம் சூழ்ந்த பழைய மாளிகை ஒன்றை ஏறத்தாழ 20,000 ரூபாய்க்குக் கிரயம் வாங்கினார். பழுதுற்றிருந்த அதனைப் புதுப்பித்து, ஆனந்த பவனம் என்று பெயரிட்டார். எதிரே பரத்வாஜ முனிவரின் ஆசிரமம். இராஜ்யத்தைத் துறந்து காடு சென்ற இராமன் தங்கிய இடமென்று ஜனங்கள் போற்றும் ஸ்தலத்திற்கு முன்பாக, ராஜபோகத்துக்கென்று ஒரு மாளிகை எழும்பியது.

அக்காலத்து அலகாபாத்தில் மின்சார விளக்கும் குழாய்த் தண்ணீரும் அவ்வீட்டின் அதிசயங்கள். வீட்டிற்குள்ளேயே நீந்துவதற்கு ஒரு குளம். குதிரைகள், வண்டிகள், பின்னர் மோட்டார் கார். இங்கிலீஷ் முறைச் சமையல் ஒரு புறம். அம்மையார் ஸ்வரூபராணியின் ஆசாரத்துக்கேற்ற சமையல் மற்றொரு புறம். பிள்ளைக்குப் பாடம் சொல்லப் பெர்டினாண்டு புரூக்ஸ் என்ற ஆசிரியர் வீட்டிலேயே தங்கினார். இவற்றுடன் கட்டுக்கதைகளும் சேர்ந்துகொண்டன. மோதிலாலின் சட்டைகள் வாரந்தோறும் பாரிஸ் நகரத்துக்குச் சென்று சலவையாகி வந்தன என்று இன்றும் சொல்லுவாருண்டு. இதைவிட அசட்டுத்தனமான கதை வேறில்லை என்று ஜவாஹர்லாலே மறுத்திருக்கிறார். பாரிஸ் சலவை பொய்; ஆனால் அந்தப் பொய்யை நம்பும்படியான வாழ்வு அங்கே நடந்தது மெய்.

இதுவரை சொன்னதில் சரித்திரம் ஒன்றுமில்லை. கெட்டிக்கார வக்கீல் சம்பாதித்தார், வீடு வாங்கினார், சுகமாக வாழ்ந்தார் என்பதே கதை. இந்நாட்டு ஹைகோர்ட்டு உள்ள ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய மாளிகைகள் பத்து இருந்தன. அவற்றின் பெயர்கள் இன்று யாருக்குத் தெரியும்?

ஒரே மாதம், இரண்டு வீடுகள்

ரௌலட் சட்டம் வந்தது. சத்தியாக்கிரக சபையில் உடனே சேர்ந்துவிட வேண்டுமென்று ஜவாஹர்லால் துடித்தார். மகனை ஜெயிலுக்கு அனுப்புவதா என்று தகப்பனார் கலங்கினார். தரையில் படுத்தால் எப்படியிருக்கும் என்று மோதிலால் இரவில் இரகசியமாகத் தாமே படுத்துப் பார்த்தார் என்று மகனுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. தேசபக்தி என்பதைப் பிரசங்க மேடையில் மட்டும் கண்டவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். 1919 மார்ச்சு மாதத்தில் மோதிலால் அழைக்க, காந்தியடிகள் அலகாபாத்துக்கு வந்தார். தகப்பனார் மனம் நோகும்படி அவசரப்பட வேண்டாமென்று இளைஞருக்குப் புத்தி சொல்லிச் சென்றார்.

அதே மாதத்தில் காந்தியடிகள் சென்னைக்கும் வந்தார். கதீட்ரல் ரோட்டில் 'ஹிந்து' ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமான திலகர் பவனம் என்ற பங்களாவில், ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் விருந்தினராகத் தங்கினார். ஒருநாள் விடியற்காலையில், உறக்கமும் விழிப்புமற்ற நிலையில், தேசமெங்கும் ஒருநாள் ஹர்த்தால் அனுஷ்டிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கனவுபோல் உதித்தது. காலையில் ராஜகோபாலாச்சாரியாரிடம் அதைச் சொன்னார். 1919 ஏப்ரல் 6-ஆம் தேதி இந்தியா முழுவதும் கடைகள் அடைபட்டதற்கு மூலம் அந்த வீடு. அலகாபாத்து வீட்டையும் சென்னை வீட்டையும் நேயர்கள் ஒருங்கே நினைவில் வைக்க வேண்டும்; இறுதியில் இவ்விஷயத்துக்குத் திரும்புவோம்.

விட்டதும் பறிபோனதும்

ஹர்ஷவர்த்தன சக்கரவர்த்தி ஐந்தாண்டுகளுக்கொருமுறை பிரயாகையில் தமது பொக்கிஷம் முழுவதையும் தானம் செய்துவிட்டு, உடுத்த உடையையும் கொடுத்து, தங்கை ராஜ்யஸ்ரீயிடம் பழந்துணி வாங்கி உடுத்தினார் என்று யுவான் சுவாங் என்ற சீன யாத்திரிகர் எழுதிவைத்திருக்கிறார். ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்குமேல் கழித்து அதே ஊரில் மறுபடியும் அப்படியொரு காரியம் நடந்தது. 1920-ல் ஒத்துழையாமைத் தீர்மானம் நிறைவேறியதும், உச்சநிலையிலிருந்த தமது தொழிலை மோதிலால் விட்டார். குதிரைகளும் வண்டிகளும் விலைபோயின. வேலைக்காரர் தொகை சுருங்கியது. இங்கிலீஷ் சமையல் நின்றது. சீமைத் துணி தீக்கிரையாயிற்று, கதர் புகுந்தது. இளைய மகள் பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டாள். அறுபதை எட்டும் வயதில் ஒரு மனிதர் தமது வாழ்க்கை முறையை அடியோடு மாற்றிக்கொள்வது லேசான காரியமா? வக்கீல்களாகிய நாம் அதை அறிவோம். ஒரு நாளைய பீஸை விடுவதற்கே நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை.

1921 டிசம்பர் 6-ஆம் தேதி போலீசார் வாரண்டுடன் வந்தார்கள். தகப்பனும் மகனும் ஒரே நாளில் கைதானார்கள். மோதிலாலின் மீது நடந்த வழக்கு சட்டப் பயிற்சியுடையோர் மறக்கத் தகாதது. அவர் காங்கிரஸ் தொண்டர்படையில் சேர்ந்தவர் என்பதற்கு, ஹிந்தியில் கையெழுத்திட்ட பாரம் ஒன்று தாக்கலாயிற்று. அவரோ ஹிந்தியில் கையெழுத்திடுவது அபூர்வம். அதை அடையாளம் காட்டுவார் யாருமில்லை. கடைசியில் கந்தல் உடுத்த ஒருவன் சாக்ஷிக் கூண்டில் ஏற்றப்பட்டான். எழுத்தறியாத அவன், காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது மோதிலாலின் கையெழுத்தே என்று சத்தியம் செய்தான். இந்தியாவின் முதல் வரிசை வக்கீலொருவர் அந்தச் சாக்ஷியைக் குறுக்கு விசாரணை செய்யாமல், நான்கு வயதுப் பேத்தி இந்திராவை மடியில் வைத்துக்கொண்டு வீற்றிருந்தார். தண்டனை ஆறு மாதம்; அத்துடன் அபராதம் 500 ரூபாய்.

ஜெயிலுக்குப் போவது, அபராதம் மட்டும் கட்டுவதில்லை என்பது காங்கிரஸ் விதி. ஆகவே ஜப்தி தொடங்கியது. போலீசார் அடிக்கடி வந்து, நாற்காலி, மேஜை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சென்றார்கள். பெரியவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை இந்திரா மாத்திரம் போலீசாரை எதிர்த்துச் சண்டையிட்டாளாம். மகள் மனத்தில் போலீசைப்பற்றி அன்று ஏற்பட்ட அபிப்பிராயம் எளிதில் மாறாது என்று தகப்பனார் பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். ஒரு கடையில் ஒரே வாக்கில் ஜப்தி நடந்தால் அது வியாபார நஷ்டம். வீட்டின் பொருள் அன்றாடம் குழந்தையின் கண்முன் போவதென்றால், அதுவே சுயராஜ்யப் பாடம். அந்த நாற்காலிகள் போன அன்றே அந்த வீட்டுக்குப் பெருமை வந்தது என்று நாம் கருதுகிறோம்.

தான சாஸனம்

1920-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், அதே தோட்டத்தில் சிறிதாக ஒரு புது வீட்டைக் கட்டி மோதிலால் குடும்பத்தை அங்கே மாற்றினார். ஆனந்த பவனம் என்ற பெயரும் புது வீட்டுக்கு வந்தது. பழைய மாளிகையை 1930-ல் தேசத்துக்கென்று காங்கிரஸிடம் ஒப்படைத்தார். காங்கிரஸ் தலைவர் என்ற முறையில் அதை ஏற்றவர் அவருடைய மகனே. அது சுயராஜ்ய பவனம் எனப் பெயர் பெற்றது. கட்சிக்காரர்களுக்காக எத்தனையோ பத்திரங்களைச் சரிபார்த்த மோதிலால், தம் வாழ்நாளில் செய்த சொத்து மாற்றங்களுள் பிரதிபலன் பெறாத இதுவே தலையாயது. வங்கத்தில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தமது வீட்டைக் கொடுத்ததற்கு இது இணையானது. அவர் வீடு மாதர் வைத்தியசாலையாயிற்று.

சுயராஜ்ய பவனமும் அவ்வழியே சென்றது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் தடியடிபட்டவர்களுக்காக அதன் ஒரு பகுதியில் காங்கிரஸ் வைத்தியசாலை ஏற்பட்டது. ஜவாஹர்லாலின் மனைவி கமலாவின் உயிர் அந்த வைத்தியசாலையில் இருந்தது. 1932 ஜனவரியில் சர்க்கார் அவசரச் சட்டத்தைக்கொண்டு சுயராஜ்ய பவனத்தைக் கைப்பற்றியபோது, வைத்தியசாலைச் சாமான்களும் பறிபோயின. தொண்டர்கள் சளைக்கவில்லை. பக்கத்துப் பூங்காவில், திறந்த வெளியில் மருந்து கொடுத்தார்கள். பிறகு அடுத்திருந்த சிறு வீட்டுக்கு மாறி இரண்டரை ஆண்டுகள் நடத்தினார்கள். கட்டிடத்தைப் பறித்தவர்களால் காரியத்தைப் பறிக்க முடியவில்லை. கமலா 1936 பிப்ரவரியில் ஸ்விட்ஸர்லாந்தில் காலமானார். அவர் பெயரால் அருகிலேயே எழும்பிய வைத்தியசாலைக்கு 1939-ல் காந்தியடிகள் அஸ்திவாரக் கல் நாட்டினார். அது 1941-ல் திறக்கப்பட்டது.

புது வீடும் துக்கத்தை அதிகம் கண்டது. 1931 ஜனவரி இறுதியில் சிறையினின்றும் விடுதலையான தலைவர்கள் யாவரும் மோதிலாலின் நோய்ப் படுக்கையைச் சூழ வந்து கூடினர். சிகிச்சைக்காக லட்சுமணபுரிக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் பிப்ரவரி 6-ல் அங்கே காலமானார். தேசியக் கொடி போர்த்திய உடல் அன்றே இந்த வீட்டுக்குத் திரும்பி, மாலையில் கங்கைக் கரையில் தீயிடப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில், தேசிய வாரத்து ஊர்வலத்தில் முன்நின்ற முதியவரான ஸ்வரூபராணி அம்மையாரைப் போலீசார் தலையில் பிரம்பால் அடித்தனர். இரத்தம் வழிய அவர் வீதியோரத்தில் நினைவிழந்து கிடந்தார். ராஜபோக மாளிகையில் வாழ்ந்தவர், தெருப் புழுதியில் கிடந்து வீரத் தாயானார். அவர் 1938-ல் மறைந்தபோது, உடன் வாழ்ந்த அவருடைய விதவைச் சகோதரியும் ஒரு நாளைக்குள் உயிர் நீத்தார்.

அதே 1932-ஐ ஒட்டிய காலத்தில், வரி பாக்கிக்காகப் புது ஆனந்த பவனமும் ஏலம் போகுமோ என்ற அச்சம் குடும்பத்துக்கு இருந்தது. தாயார் மனம் வருந்தினார். மகனோ, வீடு போனால் போகட்டும், நிலமிழந்து நிற்கும் குடியானவர்களுக்கு இன்னும் நெருக்கமாவோம் என்னும் கருத்துடன் எழுதினார். இவ்விடத்தில் நாம் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாகாணத்தில் பெயர் தெரியாத குடியானவர்கள் எத்தனையோ பேர் வரிகொடா இயக்கத்தில் மண் குடிசையையும் மாட்டையும் இழந்தார்கள். அவர்களுக்கு இருந்ததே அவ்வளவுதான். பெரிய வீட்டின் தியாகத்தைப் பாடும்போது சிறிய வீட்டின் தியாகத்தை மறந்தால், அது சரித்திரமாகாது, முகஸ்துதியாகும்.

1942-ல் இரண்டு வீடுகளும் மறுபடியும் போர்க்களமாயின. மார்ச்சு 26-ல் இந்திராவுக்கும் பிரோஸ் காந்திக்கும் ஆனந்த பவனத்தில் விவாகம் நடந்தது. மணமகள் உடுத்தது தகப்பனார் சிறையில் நூற்ற நூலில் நெய்த கதர்ச் சேலை. மே மாதத்தில் போலீசார் அலகாபாத்துக் காங்கிரஸ் காரியாலயத்தைச் சோதனையிட்டுக் காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். ஆகஸ்டில் விஜயலட்சுமி பண்டிதர் ஆனந்த பவனத்திலேயே கைது செய்யப்பட்டார். சில வாரங்களில் இந்திராவும் சிறை புகுந்தார். நான்கு வயதில் நாற்காலிக்காகச் சண்டையிட்ட குழந்தை, தன் பங்குக்குத் தானே ஜப்தியானாள்.

இன்றைய பாத்தியதை

சுயராஜ்யம் வந்தது. ஜவாஹர்லால் 1954-ல் எழுதிய மரண சாஸனத்தில் இந்த வீட்டை மகளுக்கு வைத்தார். இது வெறும் செங்கல் சுண்ணாம்பன்று, தேசப் போராட்டத்துடன் பிணைந்ததென்று அதிலேயே குறித்தார். அவர் 1964 மே 27-ல் மறைந்தார். மகள் பிரதம மந்திரியாக இருந்த 1970-ல் வீட்டை ஜவாஹர்லால் நேரு ஞாபகார்த்த நிதியினிடம் ஒப்படைத்தார். 1971-ல் அது பொருட்காட்சிச் சாலையாக ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பாட்டன் ஒரு வீட்டைக் கொடுத்தார். பேத்தி மற்றொரு வீட்டைக் கொடுத்தார். இரண்டும் இன்று அவர்கள் குடியிருக்கும் வீடுகளல்ல.

வில்லங்கம் முடிந்ததா என்றால், 2019 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. ஆனந்த பவனம், சுயராஜ்ய பவனம், அவற்றை அடுத்த கோளரங்கம் ஆகியவற்றின் பேரில், குடியிருப்பல்லாத கட்டிடங்கள் என்ற வகையில் 4 கோடியே 35 லட்ச ரூபாய் வரி பாக்கி என்று நகரசபை நோட்டீஸ் அனுப்பியதாகப் பத்திரிகைகள் எழுதின. வரி கேட்பது நகரசபையின் உரிமை. விலக்குக் கேட்பது தர்ம ஸ்தாபனத்தின் உரிமை. இரண்டையும் சட்டம் தீர்மானிக்கட்டும். ஆனால் ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும். அபராதம் கட்ட மறுத்து நாற்காலியைப் பறிகொடுத்த வீட்டின் வாசலில் தேசத்தின் அதிகாரி நோட்டீஸ் ஒட்டும்போது, அவருடைய நாற்காலியும் எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது தகும்.

இன்னொரு புறமும் சொல்ல வேண்டும். இந்த வீட்டை ஒரு குடும்பத்தின் விருதுக் கொடியாக்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் அரசியலை வெறுப்பதால் இந்த வீட்டையும் இகழ்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் பத்திரத்தைப் படிக்கவில்லை. அவ்வீட்டிற்கு ஏதேனும் மகிமை உண்டானால் அது வம்சத்தால் வந்ததன்று, விட்டுக்கொடுத்ததால் வந்தது. வம்சத்தின் பின்னோர் செய்த நன்மை தீமைகளுக்காக அதன் மதிப்பு ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. தானம் கொடுத்த பொருளின் மேல் கொடுத்தவனுக்குப் பாத்தியதை இல்லை என்பது சட்டம். அவன்மேல் கோபம்கொண்டவனுக்கும் அதை இடிக்கப் பாத்தியதை இல்லை என்பதும் அதே சட்டத்தின் மறுபாதி.

நம் வாசலில்

இப்பொழுது சென்னைக்குத் திரும்புவோம். ஹர்த்தால் என்ற எண்ணம் பிறந்த திலகர் பவனம் எங்கே? அது இல்லை. அந்த இடத்தில் பெரிய ஹோட்டல் எழும்பிவிட்டது. காந்தியடிகள் தங்கியதைக் குறித்து ஒரு நினைவுக் கல் மட்டும் வீதியோரம் நிற்கிறது. அலகாபாத்து வீட்டைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகச் செல்கிறார்கள். சென்னை வீட்டின் கல்லைத் தாண்டி மோட்டார்கள் செல்கின்றன. ஒரே மாதத்தில் ஒரே மகான் காலடி பட்ட இரண்டு வீடுகளின் கதி இது. ஒட்டப்பிடாரத்தில் சிதம்பரம் பிள்ளையின் வீடும், திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாக இருப்பது நமக்கு ஆறுதல். ஆனால் அவ்விருவரைத் தவிர நமது நாட்டில் வீட்டை இழந்தவர்கள் இல்லையா?

ஒவ்வொரு தாலுகா ஊரிலும் ஒரு வீடு இருக்கும். அங்கே காங்கிரஸ் தொண்டர்கள் இரவில் தங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். திண்ணையில் இராட்டை சுழன்றிருக்கும். அபராதத்துக்காகப் பித்தளை அண்டாவும் பத்தாயமும் ஜப்தியாகியிருக்கும். அவ்வீட்டுப் பாட்டனார் பெயரைப் பேரன்மார்களே மறந்திருப்பார்கள். பாகப் பிரிவினையில் அது நான்காய்ப் பிளந்து, ஒரு பாகம் கடையாகவும் மற்றது காலி மனையாகவும் ஆகியிருக்கும். வீட்டை விற்றவர்களை நாம் குறை சொல்லவில்லை; அவர்களுக்கும் வயிறு உண்டு. விற்கும் முன்பு விவரத்தையேனும் எழுதிவைக்காத ஊராரைத்தான் குறை சொல்லுகிறோம். அவ்வூராரில் நம்மையும் சேர்த்துக்கொள்ளுகிறோம்.

தொண்டு செய்யும் நண்பர்களுக்கு நாம் சொல்லுவது பெரிய காரியமொன்றுமில்லை. உங்கள் ஊரில் அத்தகைய வீடு எதுவென்று விசாரியுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நடந்ததை எழுதிவையுங்கள். ரிஜிஸ்தர் ஆபீஸில் அதன் பத்திர நகலை எடுத்து வையுங்கள். கோர்ட்டுத் தீர்ப்புகளிலும் சிறைக் கணக்குகளிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் வாசலில் ஒரு கல் பதியுங்கள். சம்மதியாவிட்டால் எழுதியதைப் பள்ளிக்கூடத்து நூல்நிலையத்தில் சேருங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. பிரமாதமான செலவும் இல்லை.

1857-ல் நேரு குடும்பத்தின் பத்திரங்கள் அழிந்தது அந்நியனுடைய படையால். நமது ஊர்களின் பத்திரங்கள் அழிந்துகொண்டிருப்பது நமது அசட்டையால். முன்னதற்குப் பரிகாரம் தேடி ஒரு தேசமே எழுந்தது. பின்னதற்குப் பரிகாரம் தேட ஒரு பேனாவும் நாலு காகிதமும் போதும்.